சிங்கப்பூர் நாராயண பிள்ளை

சிங்கப்பூர் சென்று மீளும் நம் சங்கத்துக் குடும்பத்தார் பலரும் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தரிசித்தே திரும்புகின்றனர். கோபுரத்தைப் புகழ்வார் உண்டு. தீமிதி உற்சவத்தைப் புகழ்வார் உண்டு. அக்கோயிலைத் தோற்றுவித்தவர் யாரென வினவுவார் மிகச் சிலரே. 2019-ம் வருஷத்தில் அந்நகரத்தார் தம் பட்டணத்தின் இருநூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது, ஆற்றங்கரையில் ராபிள்ஸ் துரையின் சிலைக்கருகே வேறு நால்வரின் சிலைகளையும் நிறுத்திச் சில நாள் காட்சிக்கு வைத்தனர். அந்நால்வருள் ஒருவர் நாராயண பிள்ளை. அவர் பொருள் ஈட்டிய வரலாறும், அதனைத் தீயில் இழந்த வரலாறும், இழந்தபின் கடன்காரராய் அவ்வூரிலேயே நின்ற வரலாறும் நம் குடும்பத்து இளைஞர்களுக்கு மிக வேண்டுவன என்று கருதி, இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிள்ளையவர்கள் பினாங்கில் வசித்து வந்தவர். பினாங்கு 1786-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் பலர் அங்கே கடை வைத்தும், துறைமுகத்தில் வேலை செய்தும் ஜீவித்து வந்தனர். தமிழ் பேசுவாரும், கொடுத்து வாங்குவாரும், நோய் நொடியில் வந்து விசாரிப்பாரும் நிறைந்த ஊர் அது. அத்தகைய ஊரை விட்டு ஒருவர் புறப்படுவதாயின் தக்க காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு அக்காரணம் ஓர் உத்தியோகம்.

1819-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி ராபிள்ஸ் துரை சிங்கப்பூரில் இறங்கினார். பிப்ரவரி 6-ந் தேதி உடன்படிக்கை முடிந்தது. வருஷந்தோறும் சுல்தான் உசேனுக்கு 5,000 ஸ்பானிய டாலரும், தெமெங்கோங்குக்கு 3,000 டாலரும் கொடுப்பதென ஏற்பாடாயிற்று. பர்க்குவார் துரையை அதிகாரியாய் அமர்த்திவிட்டுச் சென்ற ராபிள்ஸ், மே மாதக் கடைசியில் இந்தியானா என்னும் கப்பலில் மறுமுறை வந்தபொழுது நாராயண பிள்ளையும் உடன் வந்தார். புதிய குடியேற்றத்தின் கஜானாவில் தலைமைக் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்பது நம்பிக்கை. அது கைகூடவில்லை. ராபிள்ஸ் துரையும் ஒரு மாத காலமே தங்கி, ஜூன் மாதத்தில் கப்பலேறிவிட்டார். ஆதரிப்பவர் அகன்றார், வேலையும் இல்லை, ஊரோ காடும் சதுப்பும் சில குடிசைகளும் ஆயிற்று.

பிள்ளை முதலில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டார். அது நாணயம் சோதிக்கும் வேலை. பழைய நூல்கள் வண்ணக்கர் என்றும், கடைத்தெருவார் சராப் என்றும் அழைப்பது இத்தொழிலாளரையே. ஸ்பானிய டாலரே அக்கடற்புறத்தில் பெரும்பாலும் வழங்கிய நாணயம். அது கைமாறி வருகையில் தேய்ந்தும், வியாபாரிகள் இட்ட முத்திரைகளால் அடிபட்டும் வரும். கலப்பு நாணயமும் ஊடே நுழையும். தட்டி ஓசை கேட்டும், நிறுத்தும், விளிம்பு பார்த்தும் நல்லது தீயது பிரித்தல் வேண்டும். குமாஸ்தா நாற்காலியை எண்ணி வந்தவருக்கு இது தாழ்ந்த வேலையாய்த் தோன்றியிருக்கலாம். ஆயினும் ஓர் ஊரில் யார் எப்பொருளுக்குப் பணம் கொடுக்கிறார் என்பதை நாணயம் எண்ணுமிடத்தைப் போல அறியத்தக்க இடம் வேறில்லை என்பது நம் துணிபு.

அவ்வூர் அப்பொழுது எதற்குப் பணம் கொடுக்கச் சித்தமாயிருந்தது? வீட்டிற்கு. சுங்கவரியில்லாத துறைமுகம் என்ற செய்தி பரவவே, நாலா திசையினின்றும் மரக்கலங்கள் வந்தன. ஜனங்கள் நாள்தோறும் இறங்கினர். 1824-ம் வருஷம் ஜனவரியில் எடுத்த முதற் குடிக்கணக்கில் 10,683 பேர் காணப்பட்டனர். அவருள் இந்தியர் 756 பேர். இத்தனை பேருக்கும் மரத்தூணும் அத்தாப்பு ஓலையுமே வீடு. பண்டசாலை கட்டவேண்டிய வியாபாரிக்கு ஓலைக்கூரை போதாது. செங்கல் வேண்டும், செங்கல் அங்கே இல்லை.

பிள்ளை பினாங்கிலுள்ள தம் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக் கொத்தரையும், தச்சரையும், துணி வியாபாரிகளையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை வைத்தார். களிமண் தோண்டி, நீர் விட்டு மிதித்து, அச்சில் அறுத்து, நிழலிலும் வெயிலிலும் உலர்த்தி, அடுக்கி விறகிட்டுச் சுட்டெடுக்கும் அவ்வேலை நம் நாட்டுச் சிற்றூர்களில் எவரும் அறிந்ததே. அதில் அதிசயமான வித்தை ஒன்றுமில்லை. அடிக்கடி மழை பொழியும் தீவில் பச்சைக்கல்லைக் கரையாமல் காப்பாற்றுவதொன்றே சங்கடம். சுட்ட கல்லை விற்றதோடு நில்லாமல் கட்டடம் கட்டும் ஒப்பந்தங்களும் எடுத்தார். அக்குடியேற்றத்தில் இந்தியர் செய்த முதற் கட்டட ஒப்பந்தத் தொழில் இவருடையதே என்பர்.

இங்கே சிறிது நிற்க வேண்டும். நம் சங்கத்திற்கு மாதந்தோறும் வரும் கடிதங்களில் பெரும்பான்மையானவை சிபாரிசு வேண்டுவன. இன்ன ஊரில் இன்னாரைத் தெரியுமா, அவர் மூலம் ஓர் உத்தியோகம் கிடைக்குமா என்பதே வினா. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. நாமும் இளமையில் அத்தகைய கடிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவரே. ஒரு கனவான் நம்மை மூன்று மாதம் நாளை வா, நாளை வா என்று நடத்தியது இன்றும் மறந்தபாடில்லை. பிள்ளைக்கு வாய்த்த சிபாரிசோ பட்டணத்தை நிறுவியவருடையது. அதுவே பலிக்காதபோது, அவர் கைவசம் மிஞ்சியிருந்தது பினாங்கு நண்பர்களின் நட்பு. அதனை அவர் வேலை கேட்பதற்குப் பயன்படுத்தாமல், வேலையாட்களைக் கேட்பதற்குப் பயன்படுத்தினார். பரிச்சயம் ஒன்றே, அதைக் கொண்டு கேட்ட பொருள் வேறு.

சூளையில் வந்த வருவாயோடு அவர் துணி வியாபாரத்தில் இறங்கினார். கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை வைத்தார். சரக்கை ஆங்கில வியாபாரிகளிடம் கடனுக்கு வாங்கினார். புதிதாய்த் தோன்றிய துறைமுகங்களில் வியாபாரம் நடந்த முறை அதுதான். பெரிய கம்பெனி கப்பற் சரக்கை இறக்கும். சில்லறையாய் விற்கத் தெரிந்த ஆசிய வியாபாரி அதனைத் தவணையில் எடுப்பான். விற்றுப் பணம் கட்டுவான். கையில் முதலில்லாதவனுக்கு இது பெரும் உபகாரம். ஆனால் விற்கும் வரையில் அச்சரக்குக்கு வரும் கேடு எல்லாம் எடுத்தவன் தலையிலேயே விழும்.

அவ்வாறே விழுந்தது. 1822-ம் வருஷத்தில் பிள்ளையின் கடை முற்றும் எரிந்து போயிற்று. மரமும் ஓலையும் நெருங்கிய கடைவீதியில் தீப்பற்றினால் தடுப்பது எளிதன்று. ஊருக்கெல்லாம் செங்கல் சுட்டுக் கொடுத்தவருக்கு இது நேர்ந்தது. துணி சாம்பலாயிற்று, துணிக்குரிய கடன் மட்டும் எரியவில்லை.

பிறர் சரக்கை இத்தனை நம்பிப் பெருங்கடை வைத்தது விவேகமா என்று கேட்பார் உண்டு. முழு விவேகம் என்று நாமும் சொல்லோம். மூன்று வருஷத்தில் மூன்று தொழில் தொடங்கியவரிடம் சற்று அவசரம் இருந்திருக்கவே வேண்டும். நிற்க, அவர் அதன்பின் செய்ததையே நோக்குவோம். துறைமுகத்தில் எந்நேரமும் ஏதேனும் ஒரு மரக்கலம் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இக்காலத்தைப் போல அடையாளச் சீட்டு கேட்பாரும் இல்லை. இரவில் ஒரு தோணியேறினால் பினாங்கோ, மலாக்காவோ, சோழமண்டலக் கரையோ சேரலாம். கடன் கொடுத்தவர் கடல் முழுதும் தேட முடியாது. வேரூன்றாத ஊரில் அவ்வாறு மறைந்தோர் பலர். பிள்ளை மறையவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் தெருவில் எதிர்ப்படும் அதே ஊரில், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவ்வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி ராபிள்ஸ் துரை மூன்றாம் முறை வந்திறங்கினார். பட்டணம் ஒழுங்கின்றி வளர்ந்ததைக் கண்டு, தெருக்களையும் பேட்டைகளையும் வகுக்க ஒரு கமிட்டி நியமித்தார். ஆற்றின் தென்கரையில் ஒரு சிறு குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு சதுப்பைத் தூர்த்து, வியாபாரிகளுக்கென ஒரு சதுக்கம் ஏற்படுத்தினார். கமர்ஷியல் ஸ்குவேர் என்று வழங்கி, 1858-ம் வருஷம் முதல் ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்ற இடம் அதுவே. பிள்ளை துரையிடம் சென்று தம் நிலையை எடுத்துரைத்தார். துரை அச்சதுக்கத்தில் அவருக்கு நிலம் அளித்தார். அங்கே பண்டசாலை கட்டி, மீண்டும் துணி வியாபாரம் தொடங்கி, சில காலத்துள் முன்னிலும் உயர்ந்தார்.

துரையின் தயவினாலன்றோ பிழைத்தார் என்பது உலக வழக்கான பேச்சு. தயவு உண்மையே, அதனை மறைப்பது நன்றி கொன்றதாகும். எனினும், 1819-ல் துரை தர நினைத்த உத்தியோகம் பிள்ளைக்குக் கிட்டவில்லை. 1822-ல் கேட்ட உதவி கிட்டியது. இடையிலே சூளையும், ஒப்பந்தமும், கடையும் அவர் செய்து காட்டியிருந்தார். மேலும், அக்டோபர் மாதத்தில் அவர் அவ்வூரில் இல்லாதிருந்தால் துரை எவருக்குத் தயவு காட்டியிருப்பார்?

பிள்ளை மேற்கொண்ட மற்றொரு காரியம் கோயில். இதற்கும் ஒரே முறையில் இடம் அமையவில்லை. அதிகாரிகள் முதலில் கொடுத்தது தெலுக் ஆயர் தெருவில். அங்கே பூஜைக்கு வேண்டிய நன்னீர் இல்லை. 1821-ல் ஸ்டாம்போர்ட் கால்வாய்ப் பக்கத்தில் வேறிடம் கிடைத்தது. அடுத்த வருஷம் வகுத்த பட்டணத் திட்டம் அதற்கு ஒவ்வாததாயிற்று. 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டு நிலம் வந்தது. மூன்றாவது இடத்திலேதான் அம்மன் எழுந்தருளத் திருவுளங் கொண்டாள். 1827-ம் வருஷத்தில் பிள்ளை அங்கே மரத்தாலும் அத்தாப்பினாலும் ஒரு சிறு கோயில் எழுப்பி, சின்ன அம்மன் என்று வழங்கும் மாரியம்மன் திருவுருவைப் பிரதிஷ்டை செய்தார். இன்றுள்ள கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ம் வருஷத்தது. 1973-ல் அரசாங்கத்தார் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தனர்.

கோயில் ஏற்பட்டது பூஜைக்கு மட்டும் பயன்படவில்லை. கப்பலிலிருந்து புதிதாய் இறங்கிய நம் நாட்டார், கையில் பணமும் அறிந்த முகமும் இல்லாதோர், ஒரு வேலையும் தங்குமிடமும் கிடைக்குமளவும் அக்கோயிலிலேயே படுத்து எழுந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் பிற்பாடு அதே தெருக்களில் கடை வைத்தனர்.