இடுப்பு மூட்டு விலகினா எந்த கோட்? நோய்களுக்கு வரிசை எண் போட்ட பாரிஸ் டாக்டரின் கதை!

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, இன்சூரன்ஸ் க்ளைம் ஃபார்மிலோ எஸ்73.0 மாதிரி ஒரு குறியீட்டைப் பார்த்திருக்கீங்களா? இது ஐசிடி-10 கோட். இதுக்கு அடித்தளம் போட்டவர் ஜாக் பெர்ட்டியோன்.

யார் இவர்?

1851-ல் பாரிஸில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தாலும், இவரை இழுத்தது புள்ளிவிவரம்தான். தாய்வழித் தாத்தா அஷில் கியார், மக்கள்தொகையியலுக்குப் பெயர் வைத்தவர். தம்பி அல்ஃபோன்ஸ், குற்றவாளிகளை உடல் அளவுகளை வைத்து அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர். அப்பாவுக்குப் பிறகு 1883-ல் பாரிஸ் நகர புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவரானார் ஜாக்.

என்ன செய்தார்?

அப்போ ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர். எந்த நாட்டில் எதனால் அதிகம் பேர் இறக்கிறாங்கன்னு ஒப்பிடவே முடியாத நிலை. 1893-ல் சிகாகோவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் நிறுவனத்திடம், இறப்புக் காரணங்களின் பொதுப் பட்டியலைக் கொடுத்தார் பெர்ட்டியோன். 1900-ல் பாரிஸ் மாநாட்டில் 26 நாடுகள் கலந்துகொள்ள, 179 பிரிவுகள் கொண்ட பட்டியல் ஏற்கப்பட்டது. மருத்துவம் வளர வளர பட்டியலும் மாறணும்னு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தும் வழக்கமும் வந்தது.

1922-ல் பெர்ட்டியோன் மறைந்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 6-வது திருத்தத்தில், இறப்புக் காரணங்களோடு நோய்களும் காயங்களும் ஒரே பட்டியலுக்குள் வந்தன.

நமக்கு ஏன் முக்கியம்?

இடுப்பு மூட்டு விலகலையே எடுத்துக்குவோம். ஐசிடி-10-ல் இதுக்கு ஒரே கோட் கிடையாது.

* விபத்தில் விலகினால்: எஸ்73.0
* பிறவியிலேயே ஒரு பக்கம் விலகியிருந்தால்: கியூ65.0, இரண்டு பக்கமும் என்றால் கியூ65.1
* ஆபரேஷனில் வைத்த செயற்கை மூட்டு விலகினால்: டி84.0

ஸ்கேனில் பார்க்க எல்லாமே விலகல்தான். ஆனா காரணம் வேற, சிகிச்சை வேற. சம்மரியில் வெறும் 'இடுப்பு மூட்டு விலகல்'னு மட்டும் எழுதினா, கோட் போடுறவர் தவறான பிரிவில் போட வாய்ப்பிருக்கு. செயற்கை மூட்டு நழுவினது விபத்துக் காயமா பதிவானா, இன்சூரன்ஸில் தேவையில்லாத கேள்விகள் வரும். எத்தனை செயற்கை மூட்டுகள் நழுவுதுங்கிற கணக்கும் தப்பாகும்.

அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போது காரணம் என்ன, வலது பக்கமா இடது பக்கமா, ஏற்கெனவே ஆபரேஷன் நடந்ததா... இந்த மூணும் சம்மரியில் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. இல்லைன்னா, வீட்டுக்குக் கிளம்பும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க.