இரண்டு கண், ஒரு காட்சி

குழந்தைகளே, முதலில் ஒரு சின்ன விளையாட்டு. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் பக்கவாட்டில் தாவுகிறதா? எங்கள் பாலசமுத்திரத்துப் பிள்ளைகள் பழனி மலைத்தொடருக்கு நேராக விரலைப் பிடித்து இதைச் செய்வார்கள். மலை நின்ற இடத்திலேயே நிற்கும். விரல் மட்டும் ஒரு சிகரத்திலிருந்து இன்னொரு சிகரத்துக்குக் குதிக்கும்!

நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் கிடைக்கிறது. இது பழங்கால அறிஞர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால், இரண்டு படங்களால் நமக்கு என்ன பயன்? அதைச் சோதனை செய்து காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன். பெரிய வகுப்புக்குப் போனதும் இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று படிப்பீர்களே, அவரேதான். (அந்தச் சுற்றை முதலில் அமைத்தவர் கிறிஸ்டி என்ற இன்னொருவர். வீட்ஸ்டன் அதை மறைக்காமல் சொல்லியும், பெயர் என்னவோ இவருக்கே நிலைத்துவிட்டது.)

வீட்ஸ்டன் 1802-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி இங்கிலாந்தில், குளோஸ்டர் நகருக்கு அருகில் பிறந்தார். அப்பாவுக்கு இசைத் தொழில். பையனோ மகா கூச்ச சுபாவம். புத்தகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் போதும், சாப்பாடு கூட வேண்டாம். ஒருநாள் பழைய புத்தகக் கடையில் மின்சாரத்தைப் பற்றிய நூல் ஒன்றைப் பார்த்தார். காசு சேர்த்து வாங்கி வந்து பிரித்தால், எல்லாம் பிரெஞ்சு மொழி! சோர்ந்து போகவில்லை. மறுபடியும் காசு சேர்த்து அகராதி வாங்கினார். அண்ணன் துணையோடு படித்து, மின்கலம் செய்யத் தொடங்கினார். செப்புத் தகடு வாங்கப் பணம் போதவில்லை. கையில் மிஞ்சியிருந்த செப்புக் காசுகளை என்ன செய்தார் தெரியுமா? அவற்றையே தகடுகளாக அடுக்கிவிட்டார். இப்படி ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

14 வயதில், லண்டனில் இசைக்கருவிகள் செய்து விற்ற, அப்பாவின் சகோதரரிடம் தொழில் பழகப் போனார். 1821-ல் அவர் காட்டிய வித்தை ஊரையே வியக்க வைத்தது. கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் ஒரு யாழ் தொங்கும். யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அதிலிருந்து இசை வரும்! மேல்மாடி அறையில் வாசித்த இசையின் அதிர்வு கம்பி வழியே இறங்கி வந்ததுதான் ரகசியம்.

1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். கூச்சம் மட்டும் போகவில்லை. கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் நடுக்கம்தான். அவருடைய கண்டுபிடிப்புகளைப் பல முறை மேடையேறி விளக்கியவர், பெரும் விஞ்ஞானியான ஃபாரடே!

சரி, கண்ணுக்கு வருவோம். 1838-ல் வீட்ஸ்டன் ஒரு கருவியை அறிஞர் சபைக்கு அறிமுகம் செய்தார். ஸ்டீரியாஸ்கோப் என்று பெயர். ஒரு புத்தகத்தை விரித்து, அதன் முதுகு உங்கள் மூக்கைப் பார்க்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு அட்டைகளும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். ஒரே பொருளை இடது கண் பார்க்கிறபடி ஒன்று, வலது கண் பார்க்கிறபடி மற்றொன்று. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு படத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு அனுப்பும். உடனே தட்டையான கோட்டோவியம் பெட்டி போலவும் கூம்பு போலவும் எழுந்து நிற்கும்! இரண்டு படங்களையும் ஒன்றாக்கி, பொருளின் ஆழத்தை நமக்குக் காட்டுவது மூளை என்று இதனால் தெளிவாயிற்று.

பிறகு புகைப்படம் வந்தது. புருஸ்டர் என்ற அறிஞர் கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் வைத்துக் கையடக்கப் பெட்டியாக்கினார். இருவருக்கும் பெரிய சண்டை, அது தனிக்கதை. நம் ஊர்க் காட்சிகளும் இதில் இடம்பிடித்தன. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், மதுரை, திருச்சி, தஞ்சாவூர்க் காட்சிகளை 1858-ல் இப்படி இரட்டைப் படங்களாக வெளியிட்டார்.

இன்று அண்ணன்மார்கள் கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். ஹெட்செட்டைப் பார்த்திருப்பீர்கள். அது வீட்ஸ்டன் கருவியின் கொள்ளுப்பேரன்! காகிதப் படத்துக்குப் பதில் மின்திரை, அவ்வளவுதான். திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், லென்ஸ் அதைச் சில அடி தள்ளி இருப்பதுபோலக் காட்டும். ஆகவே, தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரிபவர் ஹெட்செட்டுக்குள்ளும் மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருக்கலாம். பார்வை மிகக் குறைந்த சிலருக்கு இதே ஹெட்செட் கைகொடுக்கிறது. முன்னால் உள்ள கேமரா எதிரே இருப்பதைப் படம் பிடிக்க, உள்ளே எழுத்தும் முகமும் பெரிதாக, பளிச்சென்று தெரியும். எல்லாருக்கும் இது உதவாது. பார்வை அறவே இல்லாதவருக்குப் பயன்படாது.

சில குழந்தைகளுக்கு ஒரு கண் நன்றாகத் தெரியும், மற்றது மங்கல். மூளை மங்கலான படத்தை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். பெயர்தான் அப்படி, குழந்தை மேல் குற்றமில்லை. நல்ல கண்ணை மூடிவைத்து மற்றதற்கு வேலை கொடுப்பது பழைய வைத்தியம். ஜாவல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19-ம் நூற்றாண்டிலேயே ஸ்டீரியாஸ்கோப்பைக் கொண்டு மாறுகண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார். ஹெட்செட்டில் நல்ல கண்ணின் படத்தை மட்டும் மங்கலாக்கி, இரு கண்களையும் சேர்ந்து உழைக்க வைக்கும் ஒரு முறைக்கு, 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக, அமெரிக்கா 2021-ல் அனுமதி தந்தது. மருத்துவர் சொன்னால்தான் செய்யவேண்டும். வயது ஏற ஏறப் பலன் குறையும் என்பதால், சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

வீட்ஸ்டன் 1868-ல் சர் பட்டம் பெற்றார். 1875 அக்டோபர் 19-ல் பாரிஸ் நகரில் காலமானார்.

சோம்பேறிக் கண் வலிக்காது. நல்ல கண் சமாளித்துவிடுவதால் அந்தக் குழந்தைக்கே தெரியாமல் இருக்கலாம். இன்று சுவரில் தொங்கும் காலண்டர் எதிரே, பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திப் படியுங்கள். பிறகு மறுகண்ணால் படியுங்கள். தம்பி, தங்கையையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுத்து கலங்கினால், இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.