கத்தியோடு பிடிபட்ட மகனுக்கு யார் துணை?



ஒருநாள் மாலை, செபமாலை முடிந்த நேரத்தில், கூடுவாஞ்சேரியைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனின் புத்தகப் பையில் கத்தி இருந்ததாம். பள்ளியிலிருந்து காவல் நிலையத்திற்குத் தகவல் போய்விட்டது. இனி என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அழுதார். அவருடைய கேள்வி எனக்குப் புனித தொன் போஸ்கோவின் வாழ்வை நினைவூட்டியது.

1815 ஆகஸ்டு 16 அன்று வட இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை விவசாயக் குடும்பத்தில் ஜான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா உழைத்து அவரை வளர்த்தார். 1841 ஜூன் 5 அன்று குருவானார்.

அப்போது தூரின் நகரில் கிராமத்துச் சிறுவர்கள் கட்டட வேலை தேடி வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டியான புனித ஜோசப் கஃபாசோ இளம் குருவை நகரத்துச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட அழுக்கிலும் பசியிலும் அடைபட்டுக் கிடந்தார்கள். அதைவிட அவரை உலுக்கியது வேறொன்று. திருந்திவிட்டோம் என்று சொல்லி விடுதலையான சிறுவர்களே சில நாள்களில் மீண்டும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை என்பதே காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

அந்த ஒருவராகத் தாமே இருக்க முடிவு செய்தார். 1841 டிசம்பர் 8 அன்று ஓர் அநாதைச் சிறுவனோடு தொடங்கிய பணி, 1846இல் வால்தோக்கோவில் ஒரு கொட்டகையில் நிலைபெற்றது. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, அதில் தாமும் கையெழுத்திட்டார். 1852இல் ஒரு தச்சரோடு செய்த ஒப்பந்தத்தில், பையனை அடிக்காமல் சொல்லித் திருத்த வேண்டும், ஞாயிறு ஓய்வு தர வேண்டும் என்று எழுதச் செய்தார்.

1855இல் தூரின் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களைக் காவலர் இன்றி ஒருநாள் உலாவுக்கு அழைத்துச் சென்றார் என்றும், மாலையில் ஒருவர் விடாமல் அனைவரும் திரும்பினர் என்றும் சலேசிய மரபு சொல்கிறது. 1888 ஜனவரி 31 அன்று இறைவனடி சேர்ந்த அவர், 1934இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தொன் போஸ்கோ வழக்கறிஞர் அல்லர். தவற்றைச் சரி என்று சொன்னவரும் அல்லர். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றதை நாம் மறக்க இயலாது. அந்தக் குடும்பத்தின் கண்ணீருக்கு மதிப்பளிக்காத இரக்கம் இரக்கமே அல்ல. ஆனால் குற்றம் செய்த பிள்ளையும் பிள்ளைதான் என்கிறது நம் நாட்டுச் சட்டம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, ஜாமீன் வழங்குவதே பொதுவிதி. பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம். பதினாறு வயது நிறைந்தவர்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் தனி மதிப்பீடு உண்டு. எனவே தொடக்கத்திலேயே வழக்கறிஞர் தேவை. பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சிறாருக்கும், குடும்ப வருமானம் பாராமல், இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இதைத்தான் அந்தத் தாயிடமும் சொன்னேன். மறுநாள் நம் அன்பியத்தைச் சேர்ந்த ஒருவர் அவரோடு துணைக்குச் சென்றார். பையன் ஜாமீனில் வீடு திரும்பினான். விசாரணை இன்னும் முடியவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருகிறான். கடைசி பெஞ்சில் தனியாக அமர்கிறான்.

அன்பர்களே, அவனுக்காக வாதாட வழக்கறிஞர் இருக்கிறார். அவன் அருகில் போய் அமர நம்மில் யார் இருக்கிறோம்? சிந்திப்போம்.