தீயில் பிறந்த சுண்ணாம்பு

காளவாயில் சுண்ணாம்புக் கற்களை அடுக்கித் தீ மூட்டினால் அவை உருகுவதில்லை. வெப்பம் ஏற ஏறக் கல்லினுள் அடங்கியிருந்த கரியமிலவாயு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். ஊர்தோறும் காளவாய் எரிந்த நாட்டில் பிறந்த நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுண்ணாம்புக்கல் என்பது கடலடியில் சிப்பியும் சேறும் படிந்து இறுகியது என்பதும் பள்ளியில் நாம் கற்ற பாடமே. ஆதலின், சுண்ணாம்புப் பாறை உருகிய குழம்பாய் நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழுந்து உறைவதும் உண்டு என்று 1921ஆம் ஆண்டில் ஒருவர் நூலெழுதியபோது அறிஞருலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. எழுதியவர் நார்வே நாட்டு நிலவியல் அறிஞர் வால்டமர் கிறிஸ்தோபர் பிரோகர். அப்போது அவர் எழுபது அகவையை நெருங்கியிருந்தார்.

பிரோகர் 1851ஆம் ஆண்டு கிறிஸ்தியானியா நகரில் பிறந்தார். அந்நகரின் இன்றைய பெயர் ஓஸ்லோ. தந்தையார் அச்சகத் தொழில் புரிந்தவர். முதலில் விலங்கியலில் நாட்டங்கொண்டிருந்த இளைஞர், பல்கலைக்கழகத்தில் தியோடர் செருல்ஃப் என்னும் ஆசிரியரிடம் பயின்று பாறைகளின்பால் திரும்பினார். 1881இல் ஸ்டாக்ஹோமில் புதிதாக எழுந்த உயர்கல்லூரியில் பேராசிரியரானார். கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா அங்கே அவருடன் பணியாற்றியவர். லாங்கெசுண்ட் கடலிடுக்கின் தீவுகளில் கிடைத்த அரிய கனிமங்களைப் பற்றி 1890இல் அவர் வெளியிட்ட பெருநூல், ஐரோப்பாவெங்கும் அவர் பெயரைப் பரப்பிற்று. அவ்வாண்டே தாய்நாடு திரும்பிக் கிறிஸ்தியானியாவில் பேராசிரியர் பொறுப்பேற்றார். 1907இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். சில ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர். துருவப் பயணி நான்சனின் நண்பர். புவி வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் கோல்ட்ஷ்மிட்டின் ஆசிரியர்.

இத்தனை பெருமைக்கும் ஒரு விலை இருந்தது. கிறிஸ்தியானியா வட்டாரத் தீப்பாறைகளைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் எழுதத் தொடங்கிய தொடரின் முதல் மூன்று தொகுதிகள் 1894 முதல் 1898க்குள் வெளிவந்தன. நான்காம் தொகுதிக்கு உலகம் 23 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அலுவல்களே அவ்வாண்டுகளில் பெரும்பகுதியை விழுங்கின என்று கொள்வதில் பிழையில்லை. 1917இல் பணி ஓய்வு பெற்ற பின்னரே அவர் மீண்டும் முழுமையாகப் பாறைகளிடம் சென்றார். அந்நான்காம் தொகுதியின் பொருள்தான் ஃபென்.

தெலமார்க் மாவட்டத்தில் நோர்ஷோ ஏரிக்கரையில் அமைந்த சிறு நிலப்பகுதி ஃபென். 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே இரும்புத்தாது வெட்டினர். தாதைச் சூழ்ந்திருந்த செந்நிறக் கல்லைத் தொழிலாளர்கள் செம்பாறை என்னும் பொருள்பட ரோட்பெர்க் என அழைத்தனர். சுற்றிலும் மிகப் பழைய நைஸ் பாறை. நடுவே மட்டும் சுண்ணாம்பு. இச்சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? பிரோகர் ஒவ்வொரு பாறைமுகப்பாகச் சென்று நோக்கினார். கால்சைட்டுப் பாறை, நைஸைப் பிளந்துகொண்டு செங்குத்துச் சுவர்களைப்போல் ஊடுருவியிருந்தது. அதனுள் அப்பட்டைட்டும் மேக்னடைட்டும், நயோபியம் கொண்ட கனிமங்களும் கலந்திருந்தன. கடலில் படிந்த கல்லில் இக்கூட்டு அமைவதில்லை. சுற்றியிருந்த நைஸும் தன் இயல்பு மாறி, குவார்ட்ஸை இழந்து, சோடியம் மிகுந்த வேறொரு பாறையாகியிருந்தது. சூடான ஒன்று உள்ளே புகுந்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதற்கு முன்பே 1895இல் சுவீடனின் ஆல்னோ தீவை ஆராய்ந்த ஹோக்போம் இத்தகைய எண்ணத்தை முன்வைத்திருந்தார். பிரோகர் அதனை உறுதியாகப் பற்றி, இவ்வகைப் பாறைகளுக்குக் கார்பனடைட் என்று பெயரிட்டார்.

நம் பல்லாவரத்துப் பாறை ஜாப் சார்னாக் என்னும் மனிதரின் பெயரால் சார்னோகைட் ஆயிற்று. பிரோகரோ உழவர்களின் பண்ணைப் பெயர்களைப் பாறைகளுக்குச் சூட்டினார். சோவே பண்ணை சோவைட் ஆயிற்று. மெல்டைக் பண்ணை மெல்டைகைட் ஆயிற்று. இயல்பு மாறிய நைஸ் ஃபெனைட் ஆயிற்று. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரிலும் கார்பனடைட் உண்டு. வெர்மிகுலைட் வெட்டியெடுக்கப்படும் அவ்வூரின் கால்சைட்டுப் பாறையை நிலவியலார் சோவைட் என்றே எழுதுகின்றனர்.

எதிர்ப்பு வலிமையான இடத்திலிருந்து வந்தது. பாறைகள் உருகும் முறையை ஆய்வகத்தில் அளந்து புகழ்பெற்ற போவென், 1924இல் ஃபென்னைப் பற்றி எழுதுகையில், வெந்நீர்க் கரைசல்கள் பழைய பாறையை அரித்து அதனிடத்தில் கார்பனேட்டை வைத்தன என்று வாதிட்டார். கால்சைட்டு உருகத் தேவைப்படும் வெப்பம் மிகப் பெரிது என்பதே எதிர்ப்பாளர் பலரின் பிடிமானம். அவ்வெதிர்ப்பு அறியாமையால் எழுந்ததன்று. கையிலிருந்த அளவீடுகள் அவர்கள் பக்கமே இருந்தன. களத்தில் கண்டதைத் தவிரப் பிரோகரிடம் வேறு படைக்கலம் இல்லை. வழக்கு முடியாமலே 1940 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

1960இல் வைலியும் டட்டிலும், நீராவியும் அழுத்தமும் சேரும்போது கால்சைட்டு ஏறத்தாழ 650 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்குவதைச் சோதனையில் காட்டினர். காளவாயில் வாயு தப்பிவிடுகிறது. ஆழத்தில் தப்ப வழியில்லை. அவ்வாண்டே தான்சானியாவின் ஓல் தோய்ன்யோ லெங்காய் எரிமலையில் கார்பனேட்டுக் குழம்பு கருஞ்சேறுபோல் ஓடுவதை டாசன் கண்டார். எனினும் போவென் கூறியது முற்றிலும் வீணன்று. ஃபென்னின் ரோட்பெர்க், பின்னர்ப் புகுந்த நீர்மங்களால் மாறிய கார்பனடைட்டே என்று இன்று கருதப்படுகிறது.

பெயரிட்ட பாறைகளுக்குள் புதையல் இருந்தது. நயோபியம், அருமண் தனிமங்கள் ஆகியவற்றின் அயனிகள் பொதுவான கனிமங்களின் கட்டமைப்பில் எளிதில் பொருந்தா. அதனால் குழம்பின் எச்சத்தில் சேர்ந்துகொண்டே வந்து, பைரோகுளோர், பாஸ்ட்னசைட், மோனசைட் எனக் கார்பனடைட்டில் உறைகின்றன. உலகின் நயோபியத்தில் பெரும்பகுதி பிரேசிலின் அரஷா கார்பனடைட்டிலிருந்து வருகிறது. எஃகின் வலிமை கூட்ட அது சிறிதளவே போதும். காந்தமானியில் மேக்னடைட்டும், கதிர்வீச்சுமானியில் தோரியமும், வயல்வெளியில் ஃபெனைட் வளையமும் தென்பட்டால், தேடுவோர் அங்கே துளையிடுகின்றனர்.

சோவேயில் 1953 முதல் 1965 வரை அரசு நிறுவனமொன்று நயோபியம் எடுத்தது. சுரங்கம் மூடியபின் எஞ்சிய கசடு கதிரியக்கம் உடையது. அதனை அகற்றும் பொறுப்பு அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்தது. 2024இல், ஃபென்னில் ஏறத்தாழ 88 இலட்சம் டன் அருமண் ஆக்சைடுகள் இருப்பதாக மதிப்பீடு வெளியாயிற்று. அந்நாளில் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெரிது. காற்றாலைக்கும் மின்னூர்திக்கும் காந்தம் தரும் நியோடிமியம் அதில் அடக்கம். அப்பாறைக்கு மேலே உலெஃபோஸ் ஊரை ஒட்டி வீடுகளும் வயல்களும் இருக்கின்றன. அவற்றைக் குலைக்காமல் கீழிருந்து தாதை எடுக்க வழிதேடி, இன்றும் அங்கே துளையிட்டு வருகின்றனர்.