50 வெள்ளி நோட்டில் கருவாடு: ஓவியர் சியோங் சூ பியெங்கின் ஏழு வாரப் பயணம்

சிங்கப்பூரின் நீல நிற 50 வெள்ளி நோட்டைக் கையில் வாங்காதவர் நம்மில் குறைவு. ஜோகூர் பாலம் கடந்து தினமும் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு அது சம்பளப் பணம். வாங்கியதும் எண்ணிப் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். அதன் பின்பக்கத்தை நின்று பார்ப்பவர்கள் சிலர்தான்.

முன்பக்கத்தில் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கம் கலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. வயலின், சீனப் பீப்பா, மலாய் கொம்பாங் ஆகியவற்றோடு நம் வீணையும் அங்கே இருக்கிறது. கூடவே இரண்டு ஓவியங்கள். ஒன்றில் கொடிகளுக்கிடையே இரண்டு கிப்பன் குரங்குகள். இன்னொன்றில் கம்பத்து மக்கள் உப்பு மீனைக் காயப்போடுகிறார்கள்.

நம் பேச்சில் சொன்னால், கருவாடு.

அந்தக் கருவாட்டு ஓவியத்தை வரைந்தவர் சியோங் சூ பியெங். 1978-ல் வரைந்தார். 1999-ல் இந்த வரிசை நோட்டுகள் வெளிவந்தபோது அவர் மறைந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏழைகள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு ஒரு நாட்டின் பணத்தாளில் ஏறிய கதையைத் தெரிந்துகொள்ள, 1952-ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களுக்குப் போக வேண்டும்.

போரிலிருந்து வந்தவர்

சூ பியெங் 1917-ல் சீனாவின் சியாமென் நகரில் பிறந்தவர். அந்நாளில் அமோய் என்று அழைக்கப்பட்ட துறைமுக நகரம் அது. அங்கேயே ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஷாங்ஹாயின் சின்ஹுவா நுண்கலைப் பள்ளிக்குப் போனார். சீனத்து மையும் தூரிகையும் ஒரு பக்கம், ஐரோப்பியத் தைல வண்ணம் மறுபக்கம் என்று இரண்டு வழிகளையும் கற்பித்த பள்ளி அது. ஜப்பானியப் படையெடுப்பு அந்தப் படிப்பைக் குலைத்தது.

போர் முடிந்ததும் ஹாங்காங் வழியாக 1946-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதைத் தோற்றுவித்த லிம் ஹாக் தாயும் சியாமென்காரர்தான். 1947 முதல் 1961 வரை சூ பியெங் அங்கே கற்பித்தார்.

நன்யாங் என்றால் சீன மொழியில் தென்கடல். சீனாவுக்குத் தெற்கே, கடல் கடந்து கிடக்கும் நம் நாடுகளை அவர்கள் அப்படி அழைத்தார்கள். அங்கிருந்து வந்த ஓவியர்களுக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. இங்கே வாழ்ந்துகொண்டு எதை வரைவது? பனி மூடிய மலையும் மூங்கிலும் கைக்குப் பழகிய பொருள்கள். சன்னலுக்கு வெளியே இருப்பதோ தென்னையும் அத்தாப்புக் கூரையும் கொளுத்தும் வெயிலும். கழகத் தலைவர் லிம் ஹாக் தாய் தம் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் எதிர்பார்த்தது, தென்கடல் மண்ணைத் தென்கடலுக்கே உரிய முறையில் வரைவதை.

இந்தக் கேள்வி நமக்கும் புதிதில்லை. அதே காலத்தில்தான், 1950-51-ல், தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். தமிழகத்துத் தெருவையும் ஆற்றங்கரையையும் எழுதிப் பழகிய கைகள் ரப்பர் காட்டையும் லயத்தையும் எழுதத் தொடங்கிய காலம் அது. மொழி வேறு, கலை வேறு. ஆனால் புலம்பெயர்ந்து வந்தவர்களின் சிக்கல் ஒன்றே.

நால்வர் புறப்பட்டனர்

1952 ஜூன் மாதம் நான்கு ஓவியர்கள் சிங்கப்பூரிலிருந்து ஜாவாவுக்கும் பாலிக்கும் புறப்பட்டார்கள். நால்வரில் இளையவர் சூ பியெங். வயது முப்பத்தைந்து. மற்ற மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

லியூ காங் சிறுவயதில் ஜோகூரின் மூவாரில் வளர்ந்தவர். பிறகு பாரிஸ் சென்று ஓவியம் பயின்றவர். சென் சொங் சுவீயும் சென் வென் ஷியும் ஷாங்ஹாயில் படித்துவிட்டு இங்கே ஆசிரியர்களானவர்கள். சென் வென் ஷிக்குக் குரங்குகள் மேல் தீராத ஆசை. வீட்டிலேயே கிப்பன் வளர்த்து, அவற்றின் அசைவைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 50 வெள்ளி நோட்டில் இருக்கும் குரங்குகள் அவருடையவை. ஒன்றாகப் பயணம் போன இருவர் ஒரே பணத்தாளில் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள்.

அந்த நேரம் இங்கே எப்படி இருந்தது என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். மலாயாவில் அவசரகாலம். முந்திய ஆண்டு அக்டோபரில்தான் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு ஒரு பக்கம், அரிசிக்குக் கட்டுப்பாடு மறுபக்கம். பால் வெட்டப் போகிறவர் மதியத்துக்கு ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு போவதே சந்தேகத்துக்கு இடமான காலம். அப்படிப்பட்ட நாளில், திறந்த வெளியில் உட்கார்ந்து விரும்பியதை வரையக் கிடைத்த ஏழு வாரங்களின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாலியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பெல்ஜிய ஓவியர் லெ மேயர் 1932 முதல் அந்தத் தீவில் வாழ்ந்து வந்தார். அவர் வரைந்த பாலிப் பெண்களின் ஓவியங்கள் 1930-களிலேயே சிங்கப்பூரில் காட்சிக்கு வந்து பேசப்பட்டன. அதற்கும் முன்னால் பிரெஞ்சு ஓவியர் கொகேன் தாகித்தித் தீவுக்குப் போய்த் தம் ஓவியத்தையே மாற்றிக்கொண்டவர். இந்த நால்வரும் தங்கள் தாகித்தியைப் பக்கத்துக் கடலிலேயே தேடிப் போனார்கள்.

சோறும் தேங்காயும் சாமியும்

இன்றைய பாலி விடுதிகளாலும் விமானங்களாலும் நிறைந்த ஊர். 1952-ல் அப்படி இல்லை. சானூர் கடற்கரையின் பெரிய ஹோட்டல் 1966-ல்தான் வந்தது. இந்தோனேசியா விடுதலை பெற்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீரைப் பங்கிட சுபாக் என்னும் உழவர் சங்கம். அந்தப் பங்கீட்டைக் கோயிலோடு சேர்த்து நடத்தும் பழைய முறை. நெல்லுக்கு தேவி ஸ்ரீ என்ற தெய்வம். இந்து சமயம் உயிரோடு இருக்கும் தீவு. நம்மவர் யாராவது அன்று அங்கே போயிருந்தால் பாதி சொந்த ஊர் போலவும் பாதி அயலூர் போலவும் தோன்றியிருக்கும்.

பாலியில் சமையலையும் சாமியையும் பிரிக்க முடியாது. காலையில் சோறு வெந்ததும் சிறு இலைத் துண்டுகளில் துளித்துளியாக வைத்து வாசலிலும் கிணற்றடியிலும் அடுப்படியிலும் படைத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள். திருவிழா வந்தால் பழமும் அரிசிப் பலகாரமும் கோபுரம் போல அடுக்கி, பெண்கள் தலையில் சுமந்து வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். விழாச் சமையல் ஆண்களுடையது. விடியுமுன் கூடி உட்கார்ந்து மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாம் கொத்தி, தேங்காய்த் துருவலும் காயும் இறைச்சியும் கலந்து லாவார் செய்வார்கள். மீனை அரைத்து, தேங்காய் சேர்த்து, செரைத் தண்டில் சுற்றிக் கனலில் வாட்டினால் சத்தே லிலிட். அம்மியும் தேங்காயும் மிளகாயும் உள்ள அடுப்படி நமக்கு அந்நியமில்லை.

லெ மேயர் சானூரில் கடலை ஒட்டி வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி நி போலோக் பேர்பெற்ற லெகொங் நடனக்காரர். அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வரும் பெண்ணும் இவரே. வெளியூர் விருந்தினர் வந்தால் அந்தத் தோட்டத்தில் பாலிச் சாப்பாடும் நடனமும் உண்டு. சிங்கப்பூர் நால்வரும் அவரைப் போய்ச் சந்தித்தார்கள்.

மற்ற நேரமெல்லாம் வேலைதான். சந்தை, கோயில், நடனம், கடற்கரை என்று போன இடமெல்லாம் கோட்டோவியங்கள் குவிந்தன. லியூ காங்கிடம் கேமராவும் இருந்தது. அவர் எடுத்த ஏறத்தாழ ஆயிரம் படங்கள் பல பத்தாண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்து, அண்மையில் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. சென் வென் ஷி ஒரு பாலிப் பெண்ணை உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்ததை லியூ காங் அங்கேயே கோட்டோவியமாக்கினார். அது 1954-ல் பெரிய ஓவியமானது. ஓவியனும் மாதிரிப் பெண்ணும் என்ற அந்தப் படம் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சூ பியெங் கொண்டுவந்தது

1953-ல் சிங்கப்பூர் பிரிட்டிஷ் கவுன்சில் மண்டபத்தில் நால்வரும் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள். சிங்கப்பூர் ஓவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கண்காட்சியை ஒரு திருப்பமாகக் குறிப்பிடுகிறார்கள். நன்யாங் பாணி என்ற பெயர் பலர் வாயில் வரத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நால்வரில் அந்தப் பயணத்தை அதிக காலம் சுமந்தவர் சூ பியெங் என்று சொல்லலாம். பாலியில் அவர் பார்த்தது அழகிய பெண்களை மட்டும் அன்று. கூடை சுமக்கும்போது கழுத்து நிமிர்வது, திண்ணையில் உட்காரும்போது கால் மடங்குவது, வேலை செய்யும் கை நீள்வது ஆகியவற்றைப் பார்த்தார். பின்னாளில் அவர் வரைந்த மனிதர்களுக்கு நீண்ட கைகால்களும் மெல்லிய கழுத்தும் வாதுமைக்கொட்டை வடிவக் கண்களும் வந்தன. வாயாங் கூலிட் என்னும் தோல்பாவைக் கூத்தின் உருவங்களை அவை நினைவூட்டுவதாகக் கலை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

சீனச் சுருள் ஓவியத்தின் நீண்ட வடிவத்துக்குள் கம்பத்து வாழ்க்கையை வைக்கவும் அவர் துணிந்தார். 1959-ல் வரைந்த வெப்பமண்டல வாழ்க்கை என்ற ஓவியம் அப்படிப்பட்டது. கம்பத்து மக்கள் உட்கார்ந்தும் சாய்ந்தும் ஓய்வாக இருக்கும் காட்சி. கருவி சீனம். பார்வையில் ஐரோப்பாவின் சாயல் உண்டு. வாழ்க்கை முழுக்க நம்முடையது.

ஒரே இடத்தில் நிற்பவராகவும் அவர் இல்லை. 1961-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஐரோப்பா போனார். நாற்பத்து நான்கு வயதில் நிலையான சம்பளத்தைக் கைவிடுவது எளிதான முடிவன்று. லண்டனிலும் மியூனிக்கிலும் கண்காட்சி வைத்தார். அரூப ஓவியங்களில் இறங்கினார். 1962-ல் சிங்கப்பூர் அரசு அவருக்கு உயரிய சேவை விருது அளித்தது. 1963-ல் திரும்பி வந்த பிறகு உலோகத் துண்டுகளைக்கூடக் கலையாக்கினார்.

இவ்வளவும் சுற்றிவிட்டு, அறுபது வயதைத் தாண்டியபோது அவர் கம்பத்துக்கே திரும்பினார். 1978-ல் துணியை விரித்து, சீன மையும் வண்ணமும் கொண்டு, மீன் காயப்போடும் மனிதர்களை வரைந்தார். பாலிப் பயணம் முடிந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நீண்ட கைகளும் குனிந்த உடல்களும் எங்கே பிறந்தவை என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரின் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். கடலோரத்தில் மீன் உலர்ந்த இடங்களில் கட்டடங்கள் வந்தன. நோட்டில் நாம் பார்ப்பது, பெரும்பாலும் மறைந்துபோன ஒரு வாழ்க்கையை.

நெய்தல் நிலம்

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நெய்தல் நிலத்தில் பரதவர் மீன் உணக்குவதும், பறவைகள் கொத்தாமல் மகளிர் காவல் இருப்பதும் சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மன்னனின் கொடையையும் போரையும் பாடிய அதே புலவர்கள் கருவாட்டையும் பாடத் தயங்கவில்லை. எளியவர்களின் உழைப்புக்கு இலக்கியத்தில் இடம் கொடுத்த மரபு நம்முடையது. அயல் மண்ணிலிருந்து வந்த ஒரு சீன ஓவியர் தம் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கோ இலக்கியம் தேவையில்லை. மாதக் கடைசியில் கறி வாங்கக் காசில்லாத வீட்டில் அடுப்பில் சுட்ட ஒரு துண்டுக் கருவாடு சோற்றைக் காப்பாற்றியதை அவர்கள் அறிவார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் வாசனை வெளியே தெரியக் கூடாதென்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

சூ பியெங் 1983 ஜூலையில் காலமானார். அவருடைய மீன் காயும் ஓவியத்தின் அசல் சிங்கப்பூரின் தேசியக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய ஓவியங்களைப் பார்க்க விரும்புபவர்கள், பழைய நகர மண்டபத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அமைந்துள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போகலாம். அதுவரை, அடுத்த முறை ஒரு 50 வெள்ளி நோட்டு கைக்கு வரும்போது, மடித்து வைப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். வீணை எங்கே என்று அவர்கள் தேடட்டும். கருவாட்டையும் காட்டிக்கொடுங்கள்.