நூர்ஜஹானும் ரோஜா அத்தரும்

பிரான்ஸ் நாட்டின் ஆடை வடிவமைப்பு நிறுவனமான டியோர், 1947ஆம் ஆண்டு பெண்களுக்காக ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. 'மிஸ் டியோர்' என்பது அதன் பெயர். நிறுவனர் கிறிஸ்டியன் டியோரின் தங்கை கத்ரீனை நினைவூட்டும் பெயர் அது. அவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். பழத்தின் வாசமும் பூவின் வாசமும் கலந்து அந்தத் திரவியம் இன்றும் விற்பனையாகிறது. இதைப் படித்தபோது நான் நினைத்தது, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆக்ராவில் பிறந்த இன்னொரு வாசனையைத்தான். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் பேரரசி நூர்ஜஹான் என்று பலரும் சொல்வதுண்டு. அவருடைய வாழ்க்கையை அறிந்தால், அந்தக் கதையில் ஒரு பெயர் மறைந்துபோனது தெரியும்.

நூர்ஜஹானின் இயற்பெயர் மெஹ்ருன்னிஸா. தந்தை மிர்ஸா கியாஸ் பேக், தாய் அஸ்மத் பேகம். பாரசீகத்தில் நல்ல நிலையில் இருந்த குடும்பம் வாழ்வு நொடித்து, பிழைப்புத் தேடி ஹிந்துஸ்தானம் நோக்கிப் புறப்பட்டது. வழியில் கொள்ளையர் கையிலிருந்ததையும் பறித்தனர். அந்தப் பயணத்தில், 1577ஆம் ஆண்டு, கந்தஹார் அருகே மெஹ்ருன்னிஸா பிறந்தார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறிய எங்கள் மூத்தோருக்கு, அந்தத் தாயின் நிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

கியாஸ் பேக் அக்பரின் அரசவையில் பணி பெற்று உயர்ந்தார். மகளுக்கு 1594இல் அலி குலி என்ற பாரசீக வீரருடன் திருமணம் நடந்தது. 1607இல் வங்காளத்தில் கணவர் கொல்லப்பட்டார். மகள் லாட்லியுடன் விதவையாக ஆக்ரா திரும்பிய மெஹ்ருன்னிஸா, அந்தப்புரத்தில் அக்பரின் விதவை அரசியின் பணியில் சேர்ந்தார். 1611இல் பேரரசர் ஜஹாங்கீர் அவரை மணமுடித்தார். உலகின் ஒளி என்று பொருள்படும் நூர்ஜஹான் என்ற பட்டம் 1616இல் கிடைத்தது.

அதன்பின் அவர் திரைக்குப் பின்னால் மட்டும் வாழவில்லை. அவர் பெயர் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. 1617இல் யானை மீதிருந்து ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை வீழ்த்தினார். 1626இல் தளபதி மஹாபத் கான் பேரரசரைச் சிறைப்பிடித்தபோது, யானை மீதேறி ஜீலம் நதியைக் கடந்து போரிட்டார். அந்தப் போரில் வெல்ல முடியவில்லை. எனினும் தாமும் கணவருடன் சிறையிருந்து, காலம் பார்த்துத் திட்டமிட்டு அவரை மீட்டார்.

இத்தகைய ஒருவரைப் பற்றிக் கதைகள் பெருகுவது இயல்பே. அரண்மனைத் தோட்டத்துக் கால்வாயில் பன்னீர் நிரப்பியிருந்தபோது, அதன்மேல் மிதந்த எண்ணெயைக் கண்டு நூர்ஜஹான் அத்தரைக் கண்டுபிடித்தார் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் வேறொருவரைச் சொல்கிறார். அவர் நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம்.

அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சுகையில், சூடான பன்னீரைக் கிண்ணங்களில் ஊற்றியபோது மேலே மெல்லிய படலம் ஒன்று படிவதைக் கவனித்தார். கொட்டிவிடவில்லை. சிறிது சிறிதாக வழித்துச் சேர்த்தார். அதில் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தாலே சபை முழுவதும் மணக்கும் என்று மருமகனான பேரரசர் வியந்து எழுதியிருக்கிறார். ரோஜா எண்ணெய் எவ்வளவு அரியது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும். பலரும் பன்னீர் காய்ச்சினார்கள்; கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியதைப் பொறுமையோடு சேர்த்தவர் அவர்.

பேரரசர் அவருக்கு முத்துமாலை பரிசளித்தார். அக்பரின் மற்றொரு விதவை அரசியான சலீமா சுல்தான் பேகம் அத்தருக்குப் பெயர் சூட்டினார். அந்தப் பெயர் 'இத்ரே ஜஹாங்கீரீ'. செய்தவர் அஸ்மத் பேகம், பெயரோ பேரரசருடையது. பிறகு மக்கள் கதை அதை மகளுக்குக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் தாய்க்கு இடமில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

அஸ்மத் பேகம் 1621இலும், கியாஸ் பேக் 1622இலும் காலமானார்கள். ஆக்ராவில் யமுனைக் கரையில் வெள்ளைச் சலவைக்கல்லில் வண்ணக் கற்கள் பதித்து நூர்ஜஹான் எழுப்பிய கல்லறை மாளிகை 1628இல் நிறைவுற்றது. தாஜ்மஹாலுக்கு முன்னோடியான அந்த மாளிகையும் தந்தையின் பட்டமான இத்திமாதுத் தௌலா என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் உள்ளே தாயும் தந்தையும் அருகருகே உறங்குகிறார்கள்.

1627இல் ஜஹாங்கீர் மறைந்ததும் நூர்ஜஹானின் அதிகாரம் முடிந்தது. லாகூரில் மகளுடன் அமைதியாக வாழ்ந்து, 1645இல் அவரும் இறைவனடி சேர்ந்தார்.

நூர்ஜஹானின் புகழுக்கு வீரமும் மதிநுட்பமும் தாராளமாகப் போதும்; தாயின் அத்தரை அவருக்கு இரவலாகக் கொடுக்கத் தேவையில்லை. அஸ்மத் பேகத்தின் கைத்திறன் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒருவர் அதைப் பெயர் சொல்லி எழுதிவைத்ததுதான். எங்கள் உம்மாவும் உம்மும்மாவும் கைப்பட அறிந்த மருந்தும் தையலும் சமையலும் குடும்பத்தின் பெயரிலேயே கரைந்துவிடுகின்றன. சகோதரிகளே, பேனா எங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் செய்ததை அவர்கள் பெயரோடு எழுதிவைப்போம்.