கண் தெரியாதவர் போட்ட கணக்கு

ஒரு மாதத்தின் முதல் தேதி ஒரு நெல்லை எடுத்து வையுங்கள். 2ந் தேதி இரண்டு நெல். 3ந் தேதி நாலு. இப்படித் தினமும் இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போங்கள்.

31ந் தேதி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் எவ்வளவு தெரியுமா? 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 நெல்!

இதை வைத்து எத்தனை பேருக்குச் சரிசமமாகப் பங்கு போடலாம்? யாருக்கும் முடியாது. ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஆளுக்கு ஒரு நெல் கொடுக்கலாம். வேறு எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழும். இத்தகைய எண்ணுக்குப் பகா எண் என்று பெயர்.

1772ம் ஆண்டில் இதைக் கண்டு சொன்னவர் ஆய்லர். அப்போது அவருக்குக் கண் தெரியாது.

பாதிரியார் மகன்

லியோனார்டு ஆய்லர் 1707ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பேசல் நகரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். பையனுக்கோ கணக்கில்தான் புத்தி போயிற்று.

அந்த ஊரில் யோகான் பெர்னூலி என்ற கணித மேதை இருந்தார். சனிக்கிழமைதோறும் ஆய்லர் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார். பையனின் திறமையைக் கண்ட பெர்னூலி, தகப்பனாரிடம் பேசி அவர் மனதை மாற்றினார்.

20 வயதில் ஆய்லர் ரஷியாவுக்குப் போனார். சில ஆண்டுகளில் வலது கண் பார்வை போயிற்று. பிறகு பெர்லின் நகரில் 25 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 1766ல் ரஷியாவுக்கே திரும்பினார். இப்போது இடது கண்ணிலும் புரை விழுந்தது.

வீட்டில் தீ

1771ல் அவர் வீடு தீப்பிடித்தது. பேசல் ஊர்க்காரர் ஒருவர் உள்ளே ஓடி, அவரைத் தோளில் தூக்கி வந்து காப்பாற்றினார். அதே ஆண்டில் கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. புண் சீழ் பிடித்து, மறுபடியும் இருட்டு.

அடுத்த ஆண்டுதான் இந்தக் கணக்கு!

எல்லா நாளுக்கும் இந்த அதிசயம் பலிக்காது. 11 நாளோடு நிறுத்தினால் 2,047 நெல் வரும். 23 பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

31 நாள் கணக்கைச் சோதிக்க, 46,340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 4,700க்கு மேல். ஆய்லர் ஒரு குறுக்கு வழி கண்டார். 248ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மிச்சம் வரும் எண்கள் மட்டுமே இதை வகுக்கக் கூடும் என்று நிரூபித்தார். வேலை நூறு வகுத்தலுக்குள் அடங்கிவிட்டது. ஒன்றாலும் வகுபடவில்லை.

ஏறக்குறைய 80 ஆண்டுகள் அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியவில்லை.

பார்வை போன பிறகும் அவர் ஓயவில்லை. மனதிலேயே கணக்குப் போட்டுச் சொல்லுவார். மகனும் மாணவர்களும் எழுதுவார்கள். அவர் எழுதியவற்றில் ஏறக்குறைய பாதி, கடைசி 17 ஆண்டில் இப்படி வந்ததுதான்.

1783ம் ஆண்டு செப்டம்பர் 18ந் தேதி, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேரனோடு விளையாடினார். அன்றே ரத்தக் குழாய் வெடித்து உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 76.